ஊமை ரூமில் ஒரு ஆள்

வரித்துறை அலுவலகத்தில் அந்த அம்மாளுக்குக் கத்தரி மேடம் என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான். அது அவருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருப்பதில் ஒரு சௌகரியம் உண்டு என்பதால் விட்டுவிட்டார்.

வேலை அப்படி. ஆராய்ச்சி செய்யும் கம்பெனிகளுக்கு வரியில் சலுகை உண்டு என்று அரசாங்கம் அறிவித்ததுதான் தாமதம், எல்லா முதலாளிகளும் ஒரே நாளில் விஞ்ஞானிகள் ஆகிவிட்டார்கள். சோப்புக்கு நிறம் மாற்றியவர் ஆராய்ச்சி என்றார். டப்பாவுக்கு மூடி மாற்றியவரும் ஆராய்ச்சி என்றார். ஒரு புண்ணியவான் ஆபீஸ் நாற்காலிகளை இடம் மாற்றிப் போட்டதையே பன்னிரண்டு பக்கத்துக்கு எழுதி அனுப்பியிருந்தார். இவற்றில் எது நிஜம், எது பூச்சு என்று நேரில் போய்ப் பார்த்து எழுதிக் கொடுப்பது கத்தரி மேடத்தின் உத்தியோகம். பத்து விண்ணப்பம் வந்தால் எட்டை வெட்டிவிடுவார்.

எல்லோரிடமும் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான். ஆரம்பிக்கும்போதே முடிவு தெரியுமா? தெரியும் என்றால் அது வேலை, ஆராய்ச்சி அல்ல. அந்தத் துறையில் கைதேர்ந்தவர் யாரைக் கேட்டாலும் விடை கிடைக்காத விஷயமாக இருக்க வேண்டும். அதை முறையாகச் சோதித்துப் பார்த்திருக்க வேண்டும். சோதித்ததை அன்றன்றைக்கு எழுதி வைத்திருக்க வேண்டும். சட்டம் கேட்பது இந்த மூன்றும்தான்.

அன்றைக்கு அவர் போனது சத்தத்தை உறிஞ்சும் சுவர்ப் பலகைகள் செய்யும் ஒரு கம்பெனிக்கு. அவருக்குத் தோதான இடம். இந்த உத்தியோகத்துக்கு வருவதற்கு முன் பதினெட்டு வருடம் கல்லூரியில் ஒலியியல் நடத்தியவர் அவர்.

வாசலிலேயே முதலாளி பிடித்துக்கொண்டார். பெரியவர், பேச்சுக்காரர். வெல்வதானாலும் தோற்பதானாலும் சிரித்துக்கொண்டே செய்கிற ரகம். மகன் வெளியூர் வெளியூராக ஆர்டர் பிடிக்கப் போகிறவன். வீட்டுக்கே விருந்தாளி மாதிரிதான் வருவான். ஆராய்ச்சிக்கூடத்தைப் பார்த்துக்கொள்வது மருமகள். ஒலிப் பொறியியல் படித்தவள். அவள் ஆசைப்பட்டாளே என்றுதான் கொல்லைப் பக்கம் ஒரு ஊமை ரூம் கட்டிக் கொடுத்ததாகப் பெரியவர் சொன்னார். வெளிச் சத்தம் உள்ளே வராது, உள் சத்தம் எதிரொலிக்காது. பலகைகளைச் சோதிக்க அப்படி ஒரு அறை வேண்டுமாம்.

"சத்தமே வராத ரூமுக்கு மாசாமாசம் எவ்வளவு கரண்ட் பில் தெரியுமா மேடம்? சத்தம் போடுற ரூமா இருந்தாலாவது கல்யாண மண்டபம்னு வாடகைக்கு விட்டிருப்பேன்" என்றார்.

சிரிப்போடு சிரிப்பாக விஷயத்தையும் சொல்லிவிட்டார். சலுகை கிடைத்தால் அறை இருக்கும். கிடைக்காவிட்டால் வருகிற திங்கட்கிழமை இடித்துவிட்டு அங்கே சரக்கு கோடவுன். இடிக்கிற காண்ட்ராக்டர் மத்தியானம் அளவெடுக்க வருகிறார்.

மருமகள் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும். கெஞ்சவில்லை, கண் கலங்கவில்லை. "வாங்க மேடம், நோட்டைப் பாத்துடுங்க" என்று மட்டும் சொல்லி முன்னால் நடந்தாள்.

விண்ணப்பத்தில் மூன்று தலைப்புகள். கழிவுத் துணியிலிருந்து புதுவகைப் பலகை செய்தது முதலாவது. நாற்பது தடவை தோற்று நாற்பத்தோராவது தடவை ஜெயித்திருந்தார்கள். தோல்வியை மறைக்காமல் எழுதிய நோட்டைக் கண்டால் கத்தரி மேடத்துக்குப் பிடிக்கும். சரி என்று குறி போட்டார். வாடிக்கையாளர்களின் பலகைகளைச் சோதித்துக் கொடுத்தது இரண்டாவது. அது அன்றாட வேலை. வெட்டினார். மூன்றாவதுதான் பெரியது. அது நின்றால்தான் அறை நிற்கும். தலைப்பு: எஞ்சிய ஒலி ஆய்வு. பதினொரு மாதம், தொண்ணூற்று நான்கு சோதனை.

ஆளில்லாத ஊமை ரூமில் ஒரு சத்தம் மிச்சமிருக்கிறது. அதை எப்படிப் போக்கினாலும் போகவில்லை. அதைப் பற்றிய ஆய்வு.

"ஏம்மா, சொந்த வீட்டுல எந்தக் குழாய் ஒழுகுதுன்னு தேடறதுக்குப் பேரு ரிப்பேர். ஆராய்ச்சி இல்லை" என்றார் கத்தரி மேடம்.

"நானும் அப்படித்தான் நினைச்சேன் மேடம். நோட்டைப் பாருங்க."

பார்த்தார். ஒவ்வொரு சோதனைக்கும் தேதி, நேரம், கையெழுத்து எல்லாம் ஒழுங்காக இருந்தன. கடைசியில் இரண்டு கட்டங்கள். உள்ளே எத்தனை பேர், வெளியே எத்தனை பேர். ஆளில்லாமல் செய்த சோதனை என்று மேலே எழுதியிருக்கிறது. கீழே 'உள்ளே' என்ற கட்டத்தில் ஒன்று என்று போட்டிருக்கிறது. தொண்ணூற்று நான்கிலும் அப்படியே. இத்தனை சுத்தமாக நோட்டு எழுதுகிறவள் இப்படி ஒரு தப்பைத் தொண்ணூற்று நான்கு தடவை செய்வாளா என்று யோசித்தபடி, பூஜ்யம் போட வேண்டிய இடமல்லவா என்று கேட்டார்.

மருமகள் விளக்கினாள். ஊமை ரூமும் அதை ஒட்டிய கேபினும் ஒரே கொள்ளளவு. இரண்டும் கதவைச் சாத்தினால் ஈ நுழையாத அடைப்பு. உள்ளே இருப்பவருக்கு மூச்சுத் திணறிவிடக் கூடாது என்பதற்காக இரண்டிலும் கரியமில வாயு மீட்டர் வைத்திருக்கிறார்கள். விசிறியால் அறையைச் சுத்தமாக்கினால் மீட்டர் நானூற்று இருபதில் நிற்கும். ஒரு ஆள் அரை மணி நேரம் மூச்சு விட்டால் அறுநூற்று நாற்பது. இரண்டு ஆள் என்றால் எண்ணூற்று அறுபது. ஆள் கணக்கை மீட்டரைப் பார்த்துத்தான் எழுதுவது இங்கே வழக்கம்.

காலியான ஊமை ரூமில் அரை மணி நேரத்துக்குப் பிறகு மீட்டர் காட்டுவது அறுநூற்று நாற்பது.

கத்தரி மேடம் சட்டென்று நம்புகிறவர் இல்லை. வெளிக்காற்று கசிகிறது என்று சொல்லிப் பார்த்தார். கசிந்தால் வெளியில் உள்ள அளவுக்குத்தானே ஏறும், அதைத் தாண்டாதே என்று அவருக்கே பதில் தெரிந்தது. துணிப் பலகையில் பூஞ்சை பிடித்திருக்கும், பூஞ்சையும் மூச்சு விடும் என்றார். மருமகள் முப்பத்தி ஒன்றாம் சோதனையைத் திறந்து காட்டினாள். பலகை மொத்தத்தையும் பிடுங்கிவிட்டுக் கண்ணாடி நாரை வைத்துப் பன்னிரண்டு நாள் சோதித்திருந்தார்கள். அப்போதும் ஒன்று. மீட்டரை மாற்றியிருந்தார்கள், மைக்கை மாற்றியிருந்தார்கள், தரையைக் கொத்திப் பார்த்திருந்தார்கள். ஒன்று, ஒன்று, ஒன்று.

"சரி, என் கண் முன்னாடி ஒண்ணு பண்ணு" என்றார்.

அறைக்குள் தானே போய் மூலை முடுக்கெல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு நாற்காலி, ஒரு மைக், ஒரு மீட்டர். வேறொன்றும் இல்லை. விசிறியால் காற்றை மாற்றிக் கதவைச் சாத்தி, குறுக்கே காகிதம் ஒட்டித் தன் கையெழுத்தைப் போட்டார். கேபினையும் காற்றாட விட்டுச் சாத்திக்கொண்டு இருவரும் உட்கார்ந்தார்கள். மருமகள் ஸ்பீக்கரைத் திறந்தாள்.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மெல்ல ஏறி, மெல்ல இறங்கியது. மறுபடி ஏறி, மறுபடி இறங்கியது. கத்தரி மேடம் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். நிமிஷத்துக்குப் பதினைந்து. எந்த இயந்திரமும் அப்படி ஓடாது. இயந்திரம் ஒரே சீராக ஓடும். இது சில சமயம் ஒரு கணம் தயங்கியது, எச்சில் விழுங்குகிறவர் தயங்குவது போல.

அரை மணி ஆயிற்று. உள் மீட்டர் அறுநூற்று நாற்பது.

கேபின் மீட்டரும் அறுநூற்று நாற்பதுதான். மருமகள் அதைக் குறித்துக்கொண்டு, பக்கத்தில் 'கூட்டல் ஒன்று' என்று போட்டு, 'வெளியே' கட்டத்தில் இரண்டு என்று எழுதினாள். அது என்ன கூட்டல் என்று கேட்டதற்கு, கேபின் மீட்டர் எப்போதும் ஒரு ஆள் குறைவாகக் காட்டும், கம்பெனிக்குத் திருப்பி அனுப்பியும் சரியாகவில்லை, அதனால் திருத்தி எழுதுவதாகச் சொன்னாள். ஆராய்ச்சிக்காரர்கள் செய்கிறதுதான். மீட்டர் தப்பு என்று முடிவு கட்டிவிட்டால் அப்புறம் அதைப் பற்றி யோசிக்க மாட்டார்கள்.

கத்தரி மேடம் நோட்டை மறுபடி முதலிலிருந்து புரட்டினார். இத்தனை சோதனையில் முக்கியமான ஒன்று இல்லை. ஆளை உள்ளே உட்கார வைத்து ஒரு தடவைகூடச் சோதிக்கவில்லை.

அதைக் கேட்டதும் மருமகள் முதல் தடவையாகப் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். உதவியாளர்கள் இரண்டு பேரும் பயப்படுகிறார்கள், வற்புறுத்த மனசு வரவில்லை என்றாள். அப்படியானால் நீ போயிருக்கலாமே என்றார் இவர். தனக்கும் அந்த அறைக்குள் உட்காரப் பிடிக்கவில்லை, பலகை மாற்றக்கூட உதவியாளர்களைத்தான் அனுப்பினேன் என்றாள்.

"பிடிக்கலைங்கறதை நான் ஃபைல்ல எழுத முடியாதும்மா. முதல்ல செய்ய வேண்டியதை விட்டுட்டு மத்ததெல்லாம் செஞ்சிருக்கீங்க. இதை முறையான சோதனைன்னு எப்படிச் சொல்றது? இப்படியே விட்டா வெட்டத்தான் வேணும்."

மருமகள் நோட்டை மூடி வைத்தாள். பிறகு எழுந்து, "நானே உக்கார்றேன்" என்றாள்.

காற்றை மாற்றினார்கள். அவள் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். கத்தரி மேடம் கேபினில் தனியாக, ஸ்பீக்கருக்குப் பக்கத்தில். இரண்டு மூச்சு கேட்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

ஒன்றுதான் கேட்டது. அதே ஏற்றம், அதே இறக்கம். நிமிஷத்துக்குப் பதினைந்து.

பத்து நிமிஷம் கழித்து உள்ளேயிருந்து மருமகளின் குரல் வந்தது. சந்தோஷக் குரல். "மேடம், இங்க ஒண்ணுமே கேக்கலை. என்னோட மூச்சு மட்டும்தான் இருக்கு. அது போயிடுச்சு மேடம்."

அரை மணி முடிந்தது. உள்ளே அறுநூற்று நாற்பது. கேபினிலும் அறுநூற்று நாற்பது. உள்ளே ஒரு ஆள், வெளியே ஒரு ஆள். மீட்டர் இரண்டும் சரியாகத்தான் இருந்தன. கூட்டல் ஒன்று எதற்கும் தேவைப்படவில்லை.

மருமகள் வெளியே வந்து கதவைச் சாத்தினாள். முகம் மலர்ந்திருந்தது. மேஜையிலிருந்த பாட்டிலை எடுத்து மடக் மடக்கென்று தண்ணீர் குடித்தாள். கத்தரி மேடம் அவளைப் பார்க்கவில்லை, ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலி அறையிலிருந்து அந்த ஏற்றமும் இறக்கமும், கதவு சாத்தியதில் ஒரு எண்ணிக்கைகூடத் தவறாமல், தொடர்ந்து வந்துகொண்டிருந்தது.

வாத்தியாரம்மாவின் புத்தி தானாகக் கணக்குப் போட்டது. முதல் சோதனையில் ஆட்கள் இரண்டு பேர், இருவரும் கேபினில். மூச்சு கேபினில் ஒன்று, ரூமில் ஒன்று. இரண்டாவது சோதனையிலும் ஆட்கள் இரண்டு பேர். மூச்சு கேபினில் ஒன்று, ரூமில் ஒன்று. மொத்தக் கணக்கு எங்கேயும் இடிக்கவில்லை. கூடுதலாக ஒரு ஆள் எப்போதுமே இருந்ததில்லை.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். மருமகளிடம் நீட்டினார்.

"அழுக்கா இருக்கும்மா. கொஞ்சம் ஊதித் துடைச்சுத் தர்றியா?"

மருமகள் கண்ணாடியை வாங்கி, வாயருகே வைத்து, எல்லோரும் செய்வது போல ஹா என்று ஊதினாள். புடவைத் தலைப்பை எடுத்துத் துடைக்கப் போனவள் நின்றாள். மறுபடி ஊதினாள். கண்ணாடி பளிச்சென்று இருந்தது. ஆவி படியவில்லை. ஒரு பொட்டுகூட.

அவளும் பொறியாளர்தான். கண்ணாடியை மேஜையில் வைத்துவிட்டு நோட்டை இழுத்து, பக்கம் பக்கமாகக் 'கூட்டல் ஒன்று' என்று எழுதியிருந்த இடங்களையெல்லாம் விரலால் தொட்டுக்கொண்டே போனாள். அவள் இருந்து எழுதிய நாட்களில் எல்லாம் அது இருந்தது. காய்ச்சல் என்று லீவு போட்ட இரண்டு நாள் உதவியாளர்கள் எழுதியிருந்தார்கள். அங்கே மட்டும் கூட்டல் இல்லை. உள்ளே ஒன்று, வெளியே இரண்டு. மீட்டரில் இருந்தது இருந்தபடி.

"முதல் சோதனைக்கு முன்னாடி என்னம்மா நடந்தது?" என்று கத்தரி மேடம் மெதுவாகக் கேட்டார்.

பதினொரு மாதத்துக்கு முன் ஒரு நாள் பலகை மாட்ட உள்ளே போனவள், தாழ் சிக்கிக்கொண்டு மாட்டிக்கொண்டாளாம். சரியாக அப்போது பார்த்துக் கரண்ட்டும் போய்விட்டது. ஒரு மணி நேரம் கத்தியிருக்கிறாள். ஊமை ரூமில் கத்தினால் யாருக்குக் கேட்கும்? கடைசியில் மயக்கமாகி விழுந்தவளை உதவியாளர்கள் தூக்கி வந்து தண்ணீர் தெளித்திருக்கிறார்கள். மாமனாருக்குத் தெரிந்தால் அன்றைக்கே இடித்துவிடுவார் என்று மறைத்துவிட்டார்கள். நோட்டிலும் எழுதவில்லை. எழுதாததற்கு அவள் சொன்ன காரணத்தை, வேறு யார் சொல்லியிருந்தாலும் கத்தரி மேடம் சிரித்திருப்பார்.

"அது விபத்து மேடம். சோதனை இல்லையே."

பிறகு அவளாகவே சொன்னாள். "அன்னையிலேருந்து எனக்கு இரைச்சதே இல்லை. மூணு மாடி ஓடி ஏறினாலும் இரைக்காது. உடம்பு தேறிடுச்சுன்னு நினைச்சேன்."

அப்போதுதான் கேபின் கதவு திறந்தது. முதலாளி, பின்னால் டேப்பும் கையுமாகக் காண்ட்ராக்டர். "என்ன மேடம், கத்தரிச்சாச்சா?" என்று பெரியவர் சிரித்தார். காண்ட்ராக்டர் நேராகப் போய் ஊமை ரூமின் சுவரை விரல் முட்டியால் தட்டி, கனம் பார்த்து, ஒரே நாளில் முடித்துவிடலாம் என்றார்.

மருமகளின் முகம் மாறவில்லை. அமைதியாகத்தான் நின்றாள். ஸ்பீக்கரில் மூச்சு வேகமெடுத்தது. பதினைந்து இருபதாகி, இருபது முப்பதாகி, இருட்டில் மாட்டிக்கொண்டவரின் மூச்சாக வாங்கியது. சுவரில் ஒவ்வொரு தட்டு விழும்போதும் ஒரு கணம் நின்று, பிறகு இன்னும் பதறியது. பெரியவர் ஏதோ மெஷின் கோளாறு என்று நினைத்துக் காதைக் குடைந்துகொண்டார்.

"கையை எடுங்க" என்றார் கத்தரி மேடம். சொன்ன விதத்தில் காண்ட்ராக்டர் இரண்டடி பின்னால் போனார். "இன்னும் நான் எழுதி முடிக்கலை. முடிக்கிற வரைக்கும் அந்தச் சுவரை யாரும் தொடக் கூடாது. வெளியில இருங்க."

கதவு சாத்தியதும் கத்தரி மேடம் படிவத்தை இழுத்தார். அவருக்கு எதிரே இருந்தது எளிதான கேள்வி அல்ல. மீட்டர் கோளாறு என்று எழுதினால் மேலதிகாரிகள் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவார்கள். திங்கட்கிழமை சம்மட்டி விழும். கண்டதையெல்லாம் எழுதினால் ஃபைலைவிட முதலில் அவரைத்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள்.

"மேடம்" என்றாள் மருமகள். "இடிச்சா என்ன ஆகும்?"

"தெரியாதும்மா."

"உங்களுக்குத் தெரிஞ்ச வேற யாருக்காவது?"

"இந்தத் துறையில நான் பார்க்காத ஆள் இல்லை. ஒருத்தருக்கும் தெரியாது."

சொல்லிவிட்டு அதையே எழுதினார். விடை முன்கூட்டி அறியப்பட்டதா? இல்லை. துறை வல்லுநர் எவராலும் கூற இயலுமா? இயலாது. சோதனை முறைப்படி நடந்ததா? ஆம், ஆளை அமர்த்திய சோதனையும் அதிகாரியின் முன்னிலையில் நடந்தது. பதிவுகள் உண்டா? அந்த இடத்தில் பேனாவை நிறுத்தி, அந்த விபத்தில் நடந்ததை இன்றைய தேதி போட்டு நோட்டில் எழுதச் சொன்னார். மருமகள் எழுதினாள். கையெழுத்து ஆடவில்லை. ஆய்வின் நோக்கம் என்ற கட்டத்தில், அறையில் எஞ்சியதைச் சேதமின்றி வெளியே கொண்டுவருதல் என்று கத்தரி மேடம் எழுதினார். அதன் கீழே ஒரு நிபந்தனை: ஆய்வு முடியும் வரை அறையின் எந்தப் பகுதியையும் அகற்றக் கூடாது.

பொய் என்று ஒரு வரி இல்லை. எந்த மேலதிகாரி படித்தாலும் ஒலியைப் பற்றி எழுதியதாகத்தான் படும்.

கடைசியாக ஒரு கட்டம் மிச்சமிருந்தது. ஆய்வு முடியும் உத்தேசத் தேதி. வெற்றாக விட்டால் ஃபைல் திரும்பிவிடும். தேதி வந்துவிட்டால் சலுகை நின்றுவிடும், அறையைக் காப்பதும் நின்றுவிடும்.

"அதிகபட்சம் எவ்வளவு போடலாம் மேடம்?"

"அஞ்சு வருஷம்."

"அதையே போட்டுடுங்க."

நாள், மாதம், வருடம் என்று கத்தரி மேடம் நிதானமாக எழுதினார். மருமகள் குனிந்து அந்தத் தேதியைப் பார்த்தாள். யாரும் தன் கடைசித் தேதியை அப்படி அச்சடித்த கட்டத்துக்குள் பார்த்ததில்லை.

அதற்குள் வழி கண்டுபிடித்துவிடலாம், தினமும் அரை மணி உள்ளே உட்கார்ந்து சோதனையைத் தொடர் என்று கத்தரி மேடம் சொன்னார். முடியாவிட்டால் மறுபடி விண்ணப்பிக்கலாம், யாராவது வந்து பார்ப்பார்கள் என்றும் சொன்னார்.

"யாராவது வந்தா மீட்டர் கோளாறுன்னு எழுதிடுவாங்க" என்றாள் மருமகள். "நீங்களே வருவீங்களா மேடம்?"

கத்தரி மேடம் ஓய்வு பெறப் பதினான்கு மாதம்தான் பாக்கி இருந்தது.

"வர்றேம்மா" என்றார்.

மருமகள் தலையசைத்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சாத்திய அறையிலிருந்து ஸ்பீக்கர் வழியாக ஒரு நீளமான பெருமூச்சு வந்தது.